முப்பது வீட்டுக்கு ஒரே எலிவேஷன்

கிருஷ்ணகிரில ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் புதுசா கட்டற வீடுங்கள பாருங்க, எலிவேஷன்னு சொல்லிக்கிட்டு ரோட்டைப் பாத்த முன் சுவருக்கு மட்டும் டைல்ஸ், கிளாடிங் (மேல ஒட்டற அலங்காரக் கல்லு), லைட்டுன்னு காசை இறைப்பாங்க, பக்கவாட்டுல போய் பாத்தா பூச்சு கூட இருக்காது. சைட் வேலைல இருக்கற எனக்கு இது பழகிப்போச்சு. ஆனா இங்கிலாந்துல பாத் நகரத்துல இருக்கற ராயல் கிரசென்ட்ங்கற பழைய வீட்டு வரிசை பத்தி படிச்சப்ப, அட அங்கயும் நம்மாளுங்கதான் போலன்னு சிரிப்பு வந்துடுச்சு.

1767ல ஆரம்பிச்சு 1774ல முடிச்சது, ஜார்ஜ் ராஜாக்கள் காலத்து பாணி, அதான் ஜார்ஜியன்னு பேரு. (நம்ம பாராமகால், அதான் கிருஷ்ணகிரி, சேலம் சுத்துவட்டாரம், வெள்ளைக்காரன் கைக்குப் போனதே 1792லதான்.) ஜான் வுட்னு அப்பாவுக்கும் பையனுக்கும் ஒரே பேரு, இத டிசைன் பண்ணது பையன். 30 வீடு, பிறையா வளைஞ்சு ஒட்டிக்கிட்டு நிக்குது, 114 தூண். சூட்சுமம் என்னன்னா அவரு போட்டுக் குடுத்தது முகப்பு மட்டும்தான், வாங்கறவங்க அதுல தன் பங்கு நீளத்தை எடுத்துக்கிட்டு பின்னாடி அவங்கவங்க ஆளை வெச்சு இஷ்டத்துக்கு வீடு கட்டிக்கிட்டாங்க. முன்னாடி நின்னா ஒரே அரண்மனை, பின்னாடி போனா ஒண்ணு உசரம், ஒண்ணு குட்டை, ஒண்ணு வெளிய தள்ளிக்கிட்டு, ஒண்ணு உள்ள வாங்கி... எனக்கு அந்த பின்பக்க போட்டோதான் ரொம்ப புடிச்சுது.

கல்லும் வேற ரகம். நம்மூரு கிரானைட்டுக்கு டைமண்ட் பிளேடு போட்டாலும் மூச்சு வாங்கும், அது தேன் கலர் சுண்ணாம்புக் கல், வெட்டின புதுசுல கை ரம்பத்துலயே அறுக்கலாம், காத்து பட்டு காயக் காயத்தான் இறுகும். தூண் தலைல அந்த சுருள் வேலையெல்லாம் வந்தது அதனாலதான். ஆனா அப்புறம் நிலக்கரிப் புகை ஏறி கருத்துப் போச்சு.

அந்தக் காலத்துல ஜன்னலுக்கு வேற வரி, 1696ல இருந்து 1851 வரைக்கும். வரிக்குப் பயந்து அடைச்சவங்க உண்டு, அதுக்குன்னு ஜார்ஜியன் வீட்டுல அடைச்ச ஜன்னல் எத பாத்தாலும் வரிக்கதை சொல்லாதீங்க, ரெண்டு பக்கமும் சமமா தெரியணும்னு முதல்லயே பொய் ஜன்னலா வெச்சதும் இருக்கு.

முகப்பு மேல எவ்ளோ கறார்னா, 1970கள்ல 22ஆம் நம்பர் வீட்டம்மா வெள்ளைக் கதவுக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சதுக்கு நகராட்சி நோட்டீஸ் விட்டுச்சு, விசாரணை வரைக்கும் போயி கடைசில அந்தம்மாதான் ஜெயிச்சாங்க. எங்க மேஸ்திரிகிட்ட சொன்னேன், "நிலவாசல்ல மஞ்ச பூசறதுக்குக் கூடவா சார் பர்மிஷனு"ங்கறாரு.