நாலாவது பிஸ்டன்

"அப்ப நான் இத்தனை வருசமா யாருக்குப் பதில் சொன்னேன் தம்பி?"

லேத் பட்டறை ஐயா கேட்ட இந்தக் கேள்வி இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் சொன்ன ஒரு வார்த்தைக்குத்தான் அவர் அப்படிக் கேட்டார். சொன்னது சரிதான் என்று காலையில் தோன்றும். சாயங்காலம் அவ்வளவு உறுதி இருக்காது.

பழைய சான்ட்ரோ கார், 999 சிசி இன்ஜின். தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் செட் வாங்கி, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கிற ராடுகளோடு சேர்த்து அவரிடம் கொடுத்திருந்தோம். பிஸ்டனையும் ராடையும் கோக்கிற உருளைதான் பிஸ்டன் பின். அதில் அந்தப் பின், சர்க்ளிப் என்ற வளையத்தில் நிற்கிற வகை இல்லை. ராடின் சின்ன முனையில் இறுக்கமாகப் பிரஸ் ஆகி உட்காரும். அதனால் பிஸ்டன் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது இன்ஜின் மாட்டுகிறவன் கைக்கு வருவதற்கு முன்பே, லேத்திலேயே முடிவாகிவிடுகிறது. பிஸ்டன் தலையில் முன்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி இருக்கும், ராடிலும் இருக்கும். இரண்டும் ஒரே பக்கம், டைமிங் பெல்ட் பக்கம் பார்க்க வேண்டும். திரும்பி வந்ததில் மூன்று சரியாக இருந்தன. நாலாவதில் பிஸ்டன் குறி ஒரு பக்கம், ராடு குறி எதிர்ப்பக்கம்.

பிஸ்டனைத் திருப்பி மாட்டினால் என்ன ஆகும் என்பதில் எனக்கும் ஐயாவுக்கும் சண்டை இல்லை. பின் துளை பெரும்பாலும் பிஸ்டனின் நட்ட நடுவில் இருக்காது. ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். எரிப்பின்போது, ராடின் பெரிய முனை மாட்டியிருக்கிற கிராங்க் பின் எந்தப் பக்கம் இறங்குகிறதோ, அதற்கு எதிர்ச் சுவரில்தான் பிஸ்டன் சாய்ந்து அழுத்தும். மேலே ஏறும்போது ஒரு சுவரில் சாய்ந்து வந்தது, உச்சியில் மறு சுவருக்கு மாறும். அந்த மாற்றம் முழு அழுத்தம் வருவதற்கு முன்பே மெதுவாக நடந்து முடிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சின்ன ஒதுக்கம். திருப்பிப் போட்டால் காலையில் குளிர்ந்த இன்ஜின் டொக் டொக் என்று தட்டும். சூடேறினால் அடங்கிவிடும். பிஸ்டன் தலையில் வால்வுக்கு வெட்டிய பள்ளம் இருபக்கமும் ஒரே அளவாக இல்லாத இன்ஜின் என்றால் வால்வே போய் இடிக்கும். ஆகவே பிஸ்டன் குறி பெல்ட் பக்கம்தான். அப்படி வைத்தால் ராடு பின்னோக்கி நிற்கும், அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்"னில்தான் வாக்குவாதம் தொடங்கியது.

"அம்பு பெல்ட் பக்கம் பாக்குதா, முடிஞ்சது. ராடுக்கு முன்ன என்ன, பின்ன என்ன? அதோட பெரிய முனை மூடி மாறாம இருந்தாப் போதும். இப்ப கழட்டினா பிஸ்டன் கெடும் தம்பி."

அலட்சியமாகப் பேசுகிற மனிதர் இல்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. சில ராடுகளில் பெரிய முனைக்கு மேலே தோள்பட்டையில் எண்ணெய் பீச்ச ஒரு துளை இருக்கும். பிஸ்டன் அழுந்துகிற சுவரை நனைப்பதற்கென்று அமைத்தது. அதைத் திருப்பினால் எண்ணெய் எதிர்ச் சுவருக்குப் போகும். வி வடிவ இன்ஜின்களில் ராடின் ஒரு முகத்தில் மட்டும் விளிம்பைச் சரித்திருப்பார்கள். கிராங்க்கின் வளைவில் உரசாமல் இருக்க அது வேண்டும். அங்கெல்லாம் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் என் கையில் இருந்த ராடில் துளையும் தெரியவில்லை, சரிவும் தெரியவில்லை. வெர்னியர் அளவுகோல் வைத்து இரண்டு முகங்களையும் அளந்தேன். நான் அளந்த வரைக்கும் வித்தியாசம் வரவில்லை. குறி ஒன்றுதான் வேறு பக்கம்.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. "நான் மாட்டுற இன்ஜினுக்கு நான்தான் பதில் சொல்லணும். கழட்டிக் குடுங்கய்யா" என்றேன். பையன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பிரஸ் பக்கம் போய்விட்டார்.

பிரஸ்ஸில் தள்ளியதும் பிஸ்டன் பின் கழன்று வந்தது. பிஸ்டனின் துளைக்குள் நீளவாக்கில் ஒரு கோடு விழுந்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், நகத்தில் தட்டியது. அதை இனி போட முடியாது. ஒற்றைப் பிஸ்டன் கடையில் கிடைக்கவில்லை, செட்டாகத்தான் கொடுப்போம் என்றார்கள். புது செட்டுக்கு அவரே பணம் கொடுத்தார். பாதியை நான் நீட்டினேன். "நான் பண்ணதுக்கு நான் குடுக்கறேன்" என்றார். முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இன்ஜின் நன்றாக ஓடியது. ஆனால் அது எதற்கும் சாட்சி இல்லை. முதலில் வந்தபடியே மாட்டியிருந்தாலும் இதே போல ஓடியிருக்கலாம். பந்தயக் கார் இன்ஜின் கட்டுகிறவர்களில் சிலர், உராய்வு கொஞ்சம் குறையட்டும் என்று பிஸ்டனையே வேண்டுமென்று திருப்பிப் போட்டிருக்கிறார்கள். சத்தம் வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். குறி என்பது மீறவே முடியாத சட்டம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். எதை மீறினால் என்ன ஆகும் என்றும் தெரியும். எனக்கு அந்த ராடைப் பற்றி அந்த இரண்டாவது விஷயம் தெரியாது. அதனால்தான் கழட்டச் சொன்னேன். இது நல்ல காரணம் என்றே நினைக்கிறேன். பையன்கள் நிற்காமல் இருந்திருந்தால் அதே குரலில் சொல்லியிருப்பேனா என்று கேட்டுக்கொண்டால்தான் தடுமாறுகிறது.

இப்போதைய டீசல் இன்ஜின்கள் பலவற்றில் பிஸ்டன் எந்தப் பக்கம் என்ற தகராறே வராது. பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீச்சுகிற ஜெட் இருக்கும், அதற்கு வழிவிட்டுப் பிஸ்டனின் கீழ்ச்சுற்றில், அதாவது பாவாடையில், ஒரு வெட்டு இருக்கும். வெட்டு ஒரு பக்கம் மட்டும் இருந்து, திருப்பி மாட்டினால் கையால் கிராங்க்கைச் சுற்றும்போதே இடித்து நின்றுவிடும். யார் சரி என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தப்பாக மாட்டினாலும் ஓடுகிற இன்ஜினில்தான் ஆளுக்கு ஆள் பேச்சு. அங்கே நான் கம்பெனிப் புத்தகத்தின் பக்கம் நிற்பேன். ஆனால் புத்தகம் அச்சாவதற்கு முன்பே இன்ஜின் பிரித்தவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று புத்தகத்தில் இல்லை.

அதற்கு அப்புறமும் வேலை அவரிடம்தான் போகிறது. வேறு இடத்தில் கொடுக்க எனக்கு மனசு இல்லை, அவர் அளவுக்கு நேராகப் பின் ஏற்றுகிறவரும் பக்கத்தில் இல்லை. போன வாரம் ஒரு செட் அனுப்ப வேண்டியிருந்தது. நாலு பிஸ்டனிலும் நாலு ராடிலும் பெயின்ட் மார்க்கரால் முன்பக்கம் குறித்து அனுப்பலாமா என்று யோசித்தேன். குறித்தால், உங்களை நம்பவில்லை என்று சொல்வது போல ஆகும். குறிக்காவிட்டால் மறுபடி ஒன்று மாறி வரலாம். குறித்துத்தான் அனுப்பினேன். சரியாக ஏற்றிக் கொடுத்திருக்கிறார். அந்த மஞ்சள் புள்ளிகளை மட்டும் துடைத்துவிட்டு அனுப்பியிருந்தார்.