ஒன்றும் சுழியமும்: உள்ளாட்சிகளின் மின்னாளுமையை அளக்கப் போன அனுபவம்

உள்ளாட்சி அமைப்புகள் மின்னாளுமைக்கு, அதாவது கணினி, இணையம் வழியாக நிர்வாகம் நடத்துவதற்கு, எந்த அளவுக்குத் தயாராக இருக்கின்றன என்று அளந்து, அந்த அளவுக்கும் வட்டாரப் பொருளாதாரத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கும் ஆய்வொன்றில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். முதல் ஆண்டு அளவுகோலைச் செய்வதிலேயே போயிற்று.

நாடுகளை அளக்க ஐக்கிய நாடுகள் அவையின் மின்னாளுமை வளர்ச்சிக் குறியீட்டெண் இருக்கிறது. இணையவழிச் சேவை, தொலைத்தொடர்புக் கட்டமைப்பு, மனித வளம் ஆகிய மூன்றுக்கும் அதில் சம எடை. நகரங்களுக்கென அதே அவை 2018-இல் 40 நகரங்களோடு தொடங்கிய அளவீடு, 2022-இல் 193 நகரங்களை எடுத்துக்கொண்டது. மதிப்பீட்டாளர் நகராட்சியின் இணையதளத்தைத் திறந்து, குறிப்பிட்ட வசதி இருந்தால் ஒன்றும் இல்லாவிட்டால் சுழியமும் இடுவார். செலவு குறைவு, தகராறும் குறைவு என்பதால் நாங்களும் அப்படியே தொடங்கினோம்.

எங்கள் பட்டியலில் மேலே நின்ற ஓர் அலுவலகத்துக்கு நேரில் போன நாளில் அந்த நிம்மதி போய்விட்டது. கட்டட அனுமதி கேட்டு இணையத்தில் வந்த விண்ணப்பத்தை எழுத்தர் அச்செடுத்து, ஓரத்தில் பேனாவால் வரிசை எண் எழுதி, கோப்பில் கோத்து அடுத்த மேசைக்கு அனுப்பினார். மூன்று மேசைகள் கடந்து ஒப்பத்தோடு திரும்பி வந்த தாளை ஸ்கேன் செய்து மறுபடி இணையத்தில் ஏற்றினார். விண்ணப்பித்தவருக்கு எல்லாம் கணினியிலேயே முடிந்ததாகத்தான் தெரியும். எங்கள் அட்டவணையிலும் அந்தச் சேவைக்கு ஒன்று என்றே இருந்தது. ஏன் இந்தச் சுற்று என்று கேட்டதற்கு, "சர்வர் படுத்துவிட்டால் நாளைக்கு எனக்குக் கோப்புதானே சாட்சி?" என்றார். அவர் சொன்னதில் தவறு காண முடியவில்லை.

அதன்பின் கேள்விகளை மாற்றினோம். ஒரு துறையிடம் ஏற்கெனவே இருக்கும் விவரத்தை இன்னொரு துறை மக்களிடம் மீண்டும் கேட்கிறதா, தாள் தொடாமல் முடியும் விண்ணப்பங்கள் எத்தனை, மென்பொருள் தெரிந்த அந்த ஒருவர் விடுப்பில் போனால் வேலை நிற்கிறதா என்றெல்லாம் கேட்டோம். "இருக்கிறது" என்று பதில் வந்தால், திறந்து காட்டச் சொன்னோம். பாதி நேரம் கடவுச்சொல்லைத் தேடுவதில் போனது.

எடை போடுவதும் எளிதாக இல்லை. மதிப்பெண்களைக் கூட்டி வகுக்கும் கூட்டுச் சராசரியில், பயிற்சியில்லாத ஊழியர் என்ற குறையை அழகான இணையதளம் மறைத்துவிடுகிறது. மதிப்பெண்களைப் பெருக்கி மூலம் காணும் பெருக்குச் சராசரியில், ஒன்று மிகக் குறைந்தாலும் மொத்தமே இறங்கிவிடுவதால், அவ்வளவு எளிதில் மறைக்க முடிவதில்லை. நாடுகளின் ஆயுள், கல்வி, வருமானத்தை அளக்கும் மனித மேம்பாட்டுக் குறியீட்டெண் 2010-இல் பெருக்குச் சராசரிக்கு மாறியதற்கும் இதுவே காரணம். நாங்கள் மாறியதும் தரவரிசையின் நடுப்பகுதி கலைந்து போயிற்று.

பொருளாதாரப் பக்கம் இன்னும் சிக்கல். சிறிய வட்டாரங்களுக்கு உற்பத்திக் கணக்கு கிடைக்காததால் பொருளாதார நடமாட்டத்தின் அடையாளமாகச் செயற்கைக்கோள் பதிவு செய்யும் இரவு வெளிச்சத்தை எடுத்தோம். வேளாண்மையை நம்பிய பகுதிகள், விளைச்சல் நன்றாக இருந்தாலும், அதில் இருட்டாகவே தெரிந்தன. புதிய தொழில் பதிவுகளை எண்ணிப் பார்த்தபோது வேறொரு பொறி: பதிவு செய்வது இணையத்தில் எளிதானாலே எண்ணிக்கை ஏறும், புதிதாக ஒரு கடையும் திறந்திருக்க வேண்டியதில்லை.

மின்னாளுமை மதிப்பெண்ணும் பொருளாதாரமும் சேர்ந்தே ஏறுவதாக முதலில் கிடைத்த உடன்தொடர்பு கண்ணைப் பறித்தது. ஆனால் வரி வருவாய் அதிகமுள்ள உள்ளாட்சிதான் நல்ல மென்பொருளும் வாங்குகிறது. எது எதனால் விளைந்தது என்று அந்த எண் சொல்லாது. ஒவ்வோர் உள்ளாட்சியையும் அதன் முந்தைய ஆண்டுகளோடு மட்டும் ஒப்பிட்டபோது விளைவு வெகுவாகச் சுருங்கியது. அண்டை வட்டாரங்கள் ஒன்றையொன்று பார்த்து ஏறி இறங்குவதையும் கணக்கில் எடுத்தபின், அனுமதி கிடைக்கும் நாள்கள் குறைந்த இடங்களில் மட்டுமே தெளிவான ஏற்றம் மிஞ்சியது. இணையதளத்துக்கு வாங்கிய மதிப்பெண்ணுக்குத் தனியாக எந்தப் பலனும் தென்படவில்லை.

அறிக்கையில் ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் ஒரே இடத்தைக் கொடுக்காமல், எடையை மாற்றினால் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை நகரும் என்று வீச்சாகவே கொடுத்தோம். ஆய்வைக் கேட்டவர்களிடமிருந்து வந்த முதல் கேள்வி, முதலிடம் யாருக்கு என்பதுதான்.