நள்ளிரவு டேட்டாவும் நாலு பேர் அறையும்

"சேர், நான் போனுக்கு அடிமையாகிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு மாணவர் ஆலோசகரிடம் வருகிற பிள்ளைகள் அரிது. வருகை 80 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது, பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்களாம் என்று வருவார்கள். தலையிடி, கண்ணெரிச்சல், காலை எட்டு மணி விரிவுரைக்கு எழும்ப முடியவில்லை என்று வருவார்கள். போன் கதை மூன்றாவது, நாலாவது கேள்வியில்தான் வெளியே வரும். அதுவும் "எல்லாரும்தானே பாவிக்கிறார்கள்" என்ற பீடிகையோடு.

அந்தப் பீடிகையில் நியாயம் இல்லாமல் இல்லை. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலோ போன் இல்லாமல் ஒரு மாணவர் ஒரு வாரம் தள்ள முடியாது. விரிவுரைக் குறிப்பு எல்எம்எஸ் என்ற இணையக் கற்றல் தளத்தில் ஏறுகிறது. விரிவுரை நேரம் மாறினால் வட்ஸ்அப்பில்தான் தெரியும். ஒப்படையை அனுப்புவதும் வீட்டாரோடு பேசுவதும் மகாபொல புலமைப்பரிசில் காசு வந்துவிட்டதா என்று பார்ப்பதும் அதே திரையில். மடிகணினி இல்லாத பிள்ளைக்கு நூலகமும் அதுதான். 2020இல் விரிவுரைகள் சூமுக்குப் போனபோது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் ஊடாக டேட்டா கட்டணம் இல்லாமல் படிக்க ஏற்பாடு செய்தார்கள். ஆனால் சிக்னல் இல்லாத தேயிலைத் தோட்டத்துக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? பிள்ளைகள் மேட்டுக்கு ஏறினார்கள், வீட்டார் கடன்பட்டு போன் வாங்கிக் கொடுத்தார்கள். படிப்புக்கென்று அப்படிக் கொடுத்த பொருளை "தூக்கிப் போடு" என்று சொல்வது ஆலோசனை ஆகாது. இந்தப் பிள்ளையின் போன் என்னென்ன வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்து, வேண்டாத வேலையை மட்டும் கழற்றியெடுக்க வேண்டும். மெதுவான வேலைதான். ஆனால் நிற்பது அது ஒன்றுதான்.

முதலில் பெயர் விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி 11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் வீடியோ விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. ஸ்மார்ட்போன் அடிமைத்தனம் என்று தனியாக ஒன்று இல்லை. எனவே யாருக்கும் நோய்ப் பட்டம் கட்ட அவசரப்பட வேண்டியதில்லை. 2013இல் தென்கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட பத்துக் கேள்வி அளவுகோலைப் பலரும் பாவிக்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 6 வரை புள்ளி, மொத்தம் 60. ஆண்பிள்ளைக்கு 31, பெண்பிள்ளைக்கு 33 எல்லைக்கோடு. அந்தக் கோடு பாடசாலை வயதுப் பிள்ளைகளை வைத்துப் போட்டது. இங்கே 22 வயது மாணவருக்கு 34 வந்துவிட்டது என்று கலங்குவது அர்த்தமில்லாதது. பேச்சைத் தொடங்கி வைக்க அந்தக் கேள்விகள் உதவும். "நினைத்ததைவிடக் கூடுதல் நேரம் பார்க்கிறேன்" என்பதற்கு எல்லாருமே ஆமாம் போடுவார்கள். "திட்டமிட்ட வேலை தவறிப் போகிறது", "கையில் இல்லாவிட்டால் எரிச்சல் வருகிறது" என்ற இரண்டுக்கும் என்ன சொல்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும்.

அடுத்து, போனிலேயே இருக்கும் கணக்கு. அன்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸ், டிஜிட்டல் வெல்பீயிங் என்று போனால் எந்தச் செயலி எத்தனை நிமிடம், போனை எத்தனை தரம் திறந்தோம், எத்தனை அறிவித்தல் வந்தது என்று காட்டும். ஐபோனில் ஸ்கிரீன் டைம். இதைப் பார்க்கும்போது பலர் ஒரு விஷயத்தில் ஏமாந்து போகிறார்கள். அந்தக் கணக்கு நள்ளிரவு 12 மணிக்கு நாளை மாற்றிவிடும். இரவு பத்துக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடித்த ஒரே அமர்வு, ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம், மறுநாளில் மூன்று மணித்தியாலம் என்று பிரிந்து சாதுவாகத் தெரியும். ஆகவே நாள் மொத்தத்தை விட்டுவிட்டு, மணிக்கு மணி காட்டும் பக்கத்தைத் திறக்கச் சொல்ல வேண்டும். நேரத்தை விட, திறந்த தரங்களின் எண்ணிக்கை கூடுதலாகப் பேசும். ஒரு மணித்தியாலம் தொடர்ந்து பிடிஎஃப் படித்தவரையும், நாற்பது தரம் எடுத்து எடுத்து வைத்தவரையும் மொத்த நேரம் ஒரே மாதிரித்தான் காட்டும்.

இனி டேட்டா. விரிவுரை மண்டபத்தை விட இது முக்கியம் என்று சொன்னால் சிரிப்பார்கள். இங்கே விற்கிற பல பெக்கேஜ்களில் டேட்டா இரண்டு பகுதி. எந்த நேரமும் பாவிக்கக்கூடியது கொஞ்சம்; நள்ளிரவு 12க்குப் பிறகு விடியும்வரை மட்டும் செல்லுபடியாவது நிறைய. கையில் காசு குறைந்த பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? பகல் டேட்டாவைப் பொத்தி வைத்துவிட்டு, காணொளி, மாணவர்கள் தங்களுக்குள் நடத்தும் குப்பி வகுப்பின் பதிவு எல்லாவற்றையும் 12 மணிக்கு ஒத்திப் போடும். "டவுன்லோட் போட்டுவிட்டுப் படுக்கிறேன்" என்று காத்திருக்கும் அந்த நேரத்தில் ரீல்ஸ் திறக்கும். டவுன்லோட் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ரீல்ஸ் முடிய மூன்று மணியாகும். இந்தத் தூக்கக் கேட்டைப் பிள்ளையின் ஒழுக்கக்கேடாகப் பேசுவது அநியாயம். முழித்திருக்கச் சொல்லிப் பாதி வேலையைச் செய்வது விலைப் பட்டியல்.

இதற்கு மேலே இன்னொரு கேடு. தாங்களாகவே திருந்த நினைக்கும் பிள்ளைகள் முதலில் செய்வது, டிக்டொக்குக்கோ பேஸ்புக்குக்கோ நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்று டைமர் போடுவது. அந்த டைமரும் நள்ளிரவில்தான் பூச்சியத்துக்கு வரும். மலிவு டேட்டா கிடைக்கிற அதே நிமிடத்தில் புதிதாக ஒரு மணித்தியாலமும் கிடைத்துவிடுகிறது! ஒரு கிழமை முயன்று பார்த்துவிட்டு "எனக்கு மனவுறுதி இல்லை" என்று வருகிற பிள்ளைக்கு இதை விளக்கினால் முகம் தெளிவதைப் பார்க்கலாம். டைமருக்குப் பதிலாக ஃபோகஸ் மோட் என்பதை எடுத்து, இழுக்கும் செயலிகளை மட்டும் தெரிவு செய்து, இரவு 11 முதல் காலை 5 வரை என்று அட்டவணை போட வேண்டும். போன் ரகத்துக்கு ரகம் இதன் பெயர் மாறும். பெட்டைம் மோட் மட்டும் போதாது. அது திரையைக் கறுப்பு வெள்ளையாக்கி அறிவித்தல்களை அடக்குமே தவிர, செயலியைப் பூட்டாது. ஃபோகஸ் மோடிலும் "கொஞ்ச நேரம் விடு" என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்குவார்கள். அமுக்கிய தரத்தை எண்ணிக்கொண்டு வரச் சொன்னால், எண்ணுவதற்காகவே கொஞ்சம் குறையும்.

டவுன்லோடுக்கு வழி? பகலில் நூலகத்திலோ பீடத்திலோ வைஃபையில் இறக்குவது ஒன்று. அது கிடைக்காத பிள்ளைக்கு, இரவு டேட்டாவின் மறுமுனை விடியற்காலையில் இருக்கிறது. பத்தரைக்குப் படுத்து ஐந்துக்கு எழும்பினால் அதே டேட்டா, அதே விலை. பெக்கேஜ் எத்தனை மணிக்கு முடிகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். விடியக்காலை தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போக எழும்பும் அம்மாவின் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ஐந்து மணி பெரிய விஷயமில்லை. கம்பஸ் வந்து தொலைத்த பழக்கம் அது, புதிதாகப் பழக வேண்டியதில்லை.

விடுதி அறையையும் பார்க்க வேண்டும். நாலு பேர் அறை, சுவரில் ஒன்றோ இரண்டோ பிளக். ஆளுக்கொரு எக்ஸ்டென்ஷன் வயர் கட்டில் தலைமாட்டுக்கு ஓடும். சார்ஜர் தலையணைக்கடியில், போன் நெஞ்சில், குளிருக்கு இழுத்துப் போர்த்த கம்பளிக்குள் வெளிச்சம். இதில் மாற்றக்கூடியது சார்ஜர் இருக்கும் இடம். கதவோரத்தில் ஒரு மேசை, ஒரே வயர், நாலு போனும் அங்கே. ஒருவர் மட்டும் செய்தால் மூன்றாம் நாள் விட்டுவிடுவார்; பக்கத்துக் கட்டிலில் வெளிச்சம் தெரிகிறதே. நாலு பேரும் சேர்ந்து சம்மதித்த அறைகளில்தான் இது நிலைக்கிறது. "அலாரம் வேண்டுமே சேர்" என்பது தவறாமல் வரும் சாட்டு. ஒரு சாதாரண அலாரம் மணிக்கூடு வாங்கிக் கட்டில் பக்கத்தில் வைக்கலாம். போனையே கதவோரம் வைத்து அலாரம் போட்டால், சொந்தக்காரர் எழும்ப முந்தி மற்ற மூவரும் எழும்பிச் சண்டை வரும்.

விளையாட்டுகளுக்கு வேறு கணக்கு. பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்றவற்றை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. விட்டுப் போனால் கூட்டாளிகள் தோற்பார்கள். பப்ஜியில் ஒரு ஆட்டம் அரை மணித்தியாலம் வரை இழுக்கும். "பதினொன்றுக்கு நிறுத்து" என்றால் பத்து ஐம்பதுக்கு ஒன்றைத் தொடங்குவார்கள். "பத்தரைக்குப் பிறகு புது ஆட்டம் தொடங்காதே" என்பதுதான் கைக்கொள்ளக்கூடிய விதி. கூட்டாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் மானப் பிரச்சினையும் இல்லை. யூடியூபில் பார்வை வரலாற்றை அழித்துவிட்டு நிறுத்தி வைத்தால் முகப்புப் பக்கம் வெறுமையாகிவிடும். தேடினால் பாடம் கிடைக்கும். தேடாதது வந்து நிற்காது.

ஏன் இவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு மலையகத்தில் இன்னொரு விடையும் உண்டு. மஸ்கெலியாவிலோ அப்புத்தளையிலோ தமிழ்ப் பாடசாலையில் படித்து வந்த பிள்ளை, ஆங்கிலத்தில் விரிவுரை, சுற்றிச் சிங்களப் பேச்சு என்ற சூழலில் திடீரென்று வந்து விழுகிறது. பகல் முழுவதும் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் வாய்மூடி இருந்துவிட்டு, இரவில் தன் பாஷையில் சிரிக்கக் கிடைக்கும் ஒரே இடம் போன்தான். முதலாம் வருடத்தில் இப்படி ஒருவரைக் கண்டால் செயலிகளில் கை வைக்கவே கூடாது. முதலில் ஆள் தேடிக் கொடுக்க வேண்டும். ஒரே பாடம் படிக்கும் அக்காவோ அண்ணாவோ, தமிழில் விளக்கும் குப்பியோ, மாலையில் மைதானமோ. அது அமைந்த பிறகு திரை நேரம் தானாக இறங்குவதைக் காணலாம். வீட்டு அழைப்பையும் குறைக்கச் சொல்லக் கூடாது. மூத்த மாணவர்களின் பகிடிவதைக்குப் பயந்து அறைக்குள் முடங்கியதால் போனோடு கிடப்பவர்களும் இருப்பார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியிருக்கிறது. அங்கே கதை வேறு, போன் பேச்சுக்கே இடமில்லை.

பிரச்சினை ஆளிலா இடத்திலா என்று அறிய விடுமுறை நல்ல சோதனை. தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குள் சிக்னல் எடுக்காத தோட்டங்கள் இன்னும் உண்டு. ரோட்டு வளைவிலோ கோயிலடியிலோதான் இரண்டு கோடு வரும். வீட்டுக்குப் போன பிள்ளை அந்த இரண்டு வாரத்தில் நாளுக்கு ஒருதரம் அங்கே போய் மெசேஜ் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருந்தால், மாற்ற வேண்டியது விடுதி ஏற்பாட்டை. அட்டை கடித்தாலும் இருட்டில் மூன்று தரம் அந்த வளைவுக்கு நடந்திருந்தால் கூடுதலாக விசாரிக்க வேண்டும். பந்தயச் செயலி இருக்கிறதா? ஒன்லைனில் கடன் எடுத்திருக்கிறதா? யாராவது படத்தை வைத்து மிரட்டுகிறார்களா? அல்லது போன் இல்லாவிட்டாலும் தூக்கம், சாப்பாடு, சிரிப்பு எல்லாமே போய்விட்டதா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். சாக நினைத்ததுண்டா என்று நேரடியாகக் கேட்கப் பயப்படக் கூடாது. இரவில் யாரும் கிடைக்காவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

பிள்ளைகளிடம் இவ்வளவு கேட்கும் நாங்கள் எங்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாளைக் காலை விரிவுரை இல்லை என்று இரவு பதினொன்றுக்குக் குழுவில் போடும் விரிவுரையாளர், நூறு பிள்ளைகளுக்கு "இரவில் போனைப் பார்க்காவிட்டால் நட்டம்" என்று பாடம் நடத்துகிறார். பட்ச் குழுவில் ஒரு அறிவித்தலுக்குக் கீழே நாற்பது "நன்றி சேர்". அதற்குள் உண்மையான செய்தி புதைந்துவிடுகிறது. அறிவித்தலுக்கென்று தனிக் குழு திறந்து, நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று அமைத்துவிட்டால் போதும். மற்றக் குழுக்களைப் பிள்ளைகள் மௌனமாக்கலாம். மாலை ஏழு மணிக்குப் பிறகு அறிவித்தல் இல்லை என்று திணைக்களக் கூட்டத்தில் முடிவெடுப்பது அதைவிட நல்லது. ஐந்து நிமிடத்தில் முடியக்கூடிய தீர்மானம். நிறைவேற ஏனோ வருடக் கணக்காகிறது.

எல்லாம் சரிவந்த பிள்ளையும் படிப்பு விடுமுறையில் வழுக்கும். விரிவுரை இல்லை, நேர அட்டவணை இல்லை, குப்பிப் பதிவுகள் டெலிகிராமில் மலையாகக் குவிந்திருக்கும். பார்ப்பதையே படிப்பு என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் பரீட்சை கையால் எழுதுவது, பெரும்பாலும் மூன்று மணித்தியாலம், போன் வெளியே. அதற்குப் பழக நூலகத்தில் கடந்தகால வினாத்தாளோடு உட்கார வேண்டும். போன் பையில், பை வாசலில். முதல் இருபது நிமிடம் கை தானாகப் பொக்கெட்டைத் தடவும். அதனால் எடுத்த எடுப்பில் மூன்று மணித்தியாலம் வேண்டாம். முதல் நாள் 45 நிமிடம், ஒரு கேள்வி. மூன்று நாள் கழித்து ஒன்றரை மணித்தியாலம், இரண்டு கேள்வி. முழுத்தாளுக்கு வர இரண்டு வாரமாவது பிடிக்கும். ஆகையால் படிப்பு விடுமுறையின் முதல் நாளே தொடங்க வேண்டும். கடைசி வாரத்தில் தொடங்குகிறவர்களுக்கு ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்ட நேரம் கிடைப்பதில்லை.