மேளம் கேட்கிறது, மணி கேட்கவில்லை

பிப்ரவரி 3
இரவு 2 மணிக்குக் கரண்ட் போனது. ஆக்சிஜன் மெஷின் வீல் வீலென்று கத்தியது. தம்பி எழுந்தான், கீழ்வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. மெஷினுக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்த அப்பா அசையவே இல்லை. மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். குழாயைச் சிலிண்டருக்கு மாற்றும்போதுதான் கண் திறந்தார். "ஏம்மா, விடிஞ்சிருச்சா?"

பிப்ரவரி 4
ரத்தத்தில் ஆக்சிஜன் 91.

பிப்ரவரி 6
மருந்தை இழுத்து மூச்சை அடக்குங்கள் என்று நாலு தடவை சொன்னேன். தலையாட்டிவிட்டு உடனே விட்டுவிட்டார். கத்திவிட்டேன். தம்பி சொன்னால் மட்டும் செய்கிறார்.

பிப்ரவரி 9
காளி கோவில் வரைக்கும் சைக்காவில், அதான் சைக்கிள் ரிக்‌ஷாவில், கூட்டிப்போனோம். மேளத்துக்கு விரலால் தாளம் போட்டார். தீபாராதனை முடிந்த பிறகு, "ஐயர் இன்னைக்கு மணியே அடிக்கலையே" என்றார்.
ஐயர் அடித்தார்.

பிப்ரவரி 13
காது டெஸ்ட். கட்டைச் சத்தம் வரை கோடு ஒழுங்காகப் போகிறது. கீச்சுச் சத்தம், 4000 ஹெர்ட்ஸ் பக்கம் போனதும் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்குகிறது. தம்பி குரல் கட்டை, என் குரல் கீச்சு. அவ்வளவுதான். ஆறு வருஷமாகப் பிடிவாதம் என்று நினைத்து அவரைத் திட்டியிருக்கிறேன்.

உள்காதில் நத்தை மாதிரி ஒரு சுருள் இருக்கிறதாம். ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனை நம்பியே அது ஓடுகிறது. அங்கே சத்தத்தை உணரும் மயிர்ச்செல் செத்தால் திரும்ப முளைக்காது. சுருட்டு எவ்வளவு கெடுத்தது, அரிசி ஆலை இரைச்சல் எவ்வளவு, நுரையீரல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர் சேயாமா. சரி. ஆனால் ஆறு வருஷம் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தவர்களில் ஒருவர்கூட "காது கேட்கிறதா" என்று கேட்கவில்லையே.

பிப்ரவரி 14
தூக்கமில்லை. அசித்ரோமைசின் 250, கிருமிக்கொல்லி மாத்திரை, எட்டு மாதமாகத் தினமும் என் கையால் கொடுக்கிறேன். 2011-இல் வந்த அமெரிக்க ஆய்வைத் தேடிப் படித்தேன். ஓராண்டு இதையே தினமும் சாப்பிட்ட நுரையீரல் நோயாளிகளுக்குத் திடீர் மூச்சுத்திணறல் குறைந்தது. நூற்றுக்கு 25 பேருக்குக் கேட்கும் திறனும் குறைந்தது. அப்பாவுக்கும் இந்த எட்டு மாதத்தில் இழுப்பு குறைவுதான். நிறுத்திவிடலாமா?
அடுத்த வரியில், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 20 பேருக்குக் குறைந்திருக்கிறது.
அந்த 20 பேருக்கு எதனால்?

பிப்ரவரி 15
நீங்களாக நிறுத்தாதீர்கள், காதை மறுபடி பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார் சேயாமா. கொடுத்தேன். கை நடுங்கியது.

பிப்ரவரி 18
காது மெஷின் வேண்டாமாம். "கண்ணாடி, ஆக்சிஜன் குழாய், இதுக்கு மேல எங்கம்மா மாட்டுறது?" இரண்டு காதின் மடலும் குழாய் அறுத்துச் சிவந்திருக்கிறது. பஞ்சு சுற்றிவிட்டேன். எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, மெதுவாகப் பேசினேன். முழுசாகப் பதில் சொன்னார். அப்புறம் ஒரு மணி நேரம் ஆலைக்கதை.

பிப்ரவரி 20
88. கால் வீங்கியிருக்கிறது.

பிப்ரவரி 21
கரண்ட் போகவில்லை. ஆனாலும் மூன்று தடவை எழுந்து பார்த்தேன்.

பிப்ரவரி 22
பேட்டரி வாங்கத் தம்பி போயிருக்கிறான்.