கைப்பிடியில் கறள் எங்கே தொடங்குகிறது?

திருகோணமலையில் மாடிப்படிக் கைப்பிடியோ பால்கனிக் கம்பியோ எப்படி இருக்கிறது என்று அறிய மேற்பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை. அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மேலே படியும் உப்பை மழை கழுவிவிடும், கீழே படிந்தது அப்படியே கிடக்கும். உப்புவெளியிலும் டச்சு வளைகுடாப் பக்கமும் கூரைக்குள் நனையாமல் நிற்கும் கம்பிதான் முதலில் கறள் பிடிக்கும்.

‘எஸ்.எஸ்.’ (கறள் எளிதில் பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று சொல்லி விற்றால் அதன் தர இலக்கம் எது என்று கேளுங்கள். 201, 202 மலிவு, கடற்கரைக்கு ஆகாது. 304 இலும் பழுப்புக் கறை வரும், அடிக்கடி கழுவினால் சமாளிக்கலாம். கடலைப் பார்த்த வீட்டுக்கு 316 தான் சரி. அதில் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் என்ற உலோகம் இருக்கிறது, உப்பு அரிப்பைத் தடுப்பது அதுதான். காந்தம் வைத்துச் சோதிப்பது வீண் வேலை, 202 உம் பெரும்பாலும் ஒட்டாது. பில்லில் இலக்கத்தை எழுதி வாங்குங்கள். இன்னொன்று, சாதா இரும்பு வெட்டும் கிரைண்டரின் பொறி எஸ்.எஸ். மேல் விழவே கூடாது. விழுந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறள் வரும்.

ஜீ.ஐ., அதாவது நாகம் (சிங்க்) பூசிய இரும்புப் பைப்பில் வெல்டிங் சூடு பட்ட இடத்தில் நாகப்பூச்சு எரிந்துபோகும். அதன்மேல் வெள்ளிப் பெயின்ற் அடித்து மறைப்பது இங்கே வழக்கம். பார்க்க நன்றாயிருக்கும், பாதுகாப்பு இல்லை. கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, நாகத்தூள் மிகுந்த பிரைமர் இரண்டு தரம் அடிக்க வேண்டும். பொக்ஸ் பார் (உள்ளே வெறுமையான சதுரக் குழாய்) என்றால் மேல்வாயை முழுதாக மூடி, அடியில் 6 மி.மீ. துளை ஒன்று விடுங்கள். உள்ளே தேங்கும் தண்ணீர் வெளியேறாவிட்டால் வெளிப் பெயின்ற் பளபளக்க உள்ளே தகடு உக்கும்.

தூணின் கால்தான் மிகப் பலவீனமான இடம். கொங்கிரீட்டும் இரும்பும் சேரும் கோட்டில் தண்ணீர் நிற்கும். கறள் பருக்கும்போது கொங்கிரீட்டையே பிளந்துவிடும். காலைச் சுற்றிச் சீமெந்தைச் சரிவாக இழுத்து விடுங்கள், கடல்மணல் கலக்கவே வேண்டாம். தகடு வைத்து போல்ட் பூட்டுவதானால் தளத்தின் விளிம்பிலிருந்து 3 அங்குலமாவது உள்ளே தள்ளித் துளையுங்கள். இறுக்கும்போது விரியும் போல்ட் விளிம்பை உடைக்கும். எஸ்.எஸ். தகட்டுக்கு எஸ்.எஸ். போல்ட்டே போடுங்கள்.

படியில் கைப்பிடி உயரம், படிநுனியிலிருந்து 34 முதல் 38 அங்குலம். பால்கனிக்கு 42. கைக்குள் அடங்க பைப் ஒன்றரை அங்குலம் போதும், சுவருக்கும் அதற்கும் இடையிலும் ஒன்றரை அங்குலம் விடுங்கள். தூண்களுக்கு இடையே 4 அடி. கம்பி இடைவெளி 4 அங்குலத்துக்கு உள்ளே இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் குழந்தையின் உடல் நுழையும், தலை சிக்கும். 4 அடிக்கு அரை அங்குலக் கம்பி பத்துப் போட்டால் இடைவெளி 3.9. ‘படிக்கு இரண்டு கம்பி’ என்ற பாஸ்மாரின் (வேலை செய்யும் கைவினைஞரின்) கணக்கு 9 அங்குலப் படிக்குத்தான் பொருந்தும், 10 அங்குலப் படியில் இடைவெளி நாலரை ஆகிவிடும். பால்கனியில் கிடைக்கம்பி வேண்டவே வேண்டாம், பிள்ளைக்கு அது ஏணி.

பெயின்ற் வேலையை வாடைக்காற்று மழைக்கு முன் முடியுங்கள். முதலில் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். உப்பின் மேல் அடித்த பெயின்ற் கொப்புளமாகக் கிளம்பும். தேய்த்த அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும், ஓர் இரவு விட்டால் மறுபடி கறள்.

பிறகு மாதம் ஒரு தரம் கழுவினால் போதும். கிணறு உவராக இருந்தால் குழாய்த் தண்ணீர் எடுங்கள். எஸ்.எஸ்.க்கு குளோரின் கலந்த கழுவுநீர் எதுவும் வேண்டாம்.