பரோடா நாட்குறிப்பு: அரண்மனைச் சம்பளக்காரர்கள்

அக்டோபர் 27

இந்துஸ்தானிப் பாடகர் அப்துல் கரீம் கான் இறந்த நாள். 1937-ல் பாண்டிச்சேரிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தவருக்கு வழியில் நெஞ்சுவலி வந்தது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து கொஞ்சம் பாடினார். அங்கேயே உயிர் பிரிந்தது. கடைசியாகப் பாடியது தர்பாரி ராகம் என்பார்கள்.

போனில் அம்மாவிடம் சொன்னேன். "சிங்கப்பெருமாள் கோவிலா? நம்ம சித்தி வீட்டுக்கு எறங்குவோமே, அந்த ஸ்டேஷனா? பாவம், எந்த ஊர்க்காரர்டா?" கைரானா, டெல்லிக்கு வடக்கே என்றேன். "அவ்வளவு தூரத்துலேர்ந்தா!" என்றவள், அடுத்த மூச்சில் காஸ் சிலிண்டர் விலைக்குப் போய்விட்டாள்.

நான் வேலைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் இந்த வடோதராவில், அன்றைய பரோடாவில்தான் அவர் இருபது சொச்சம் வயதில் அரண்மனைப் பாடகராக இருந்தார். அரச குடும்பத்துக்கு உறவான மானே வீட்டுப் பெண் தாராபாய் அவரிடம் பாட்டுக் கற்றார். பிறகு இருவரும் சேர்ந்து ஊரை விட்டே போனார்கள். சம்பளம், வீடு, மரியாதை எல்லாம் ஒரே நாளில் போயிற்று. அவர்கள் மகள் ஹீராபாய் பின்னாளில் பெரிய பாடகியாகி, பரோடேகர் என்ற பெயரிலேயே ஊர் ஊராகப் பாடினார். அப்பாவும் அம்மாவும் விட்டு ஓடிய ஊர், மகள் பெயரில் ஒட்டிக்கொண்டது!

அக்டோபர் 29

ஆபீசில் ஷிப்டு ரோஸ்டர் தகராறு. தீபாவளி லீவில் யார் போனார்கள், யார் வேலை பார்த்தார்கள் என்று பேசியே பாதி நாள் போய்விட்டது. கணக்குப் பிரிவில் இருப்பவன் என்பதால் பஞ்சாயத்து எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும்.

ராத்திரி, அக்பர் ஆட்சியைப் பற்றிய அயினி அக்பரி நூலில் இசைக்கலைஞர்கள் பகுதியைத் திரும்பப் படித்தேன். அதை எழுதிய அபுல் ஃபஸல் முப்பத்தாறு பேரைப் பெயர் பெயராகப் பட்டியல் போடுகிறார். முதலில் தான்சேன். குவாலியர்க்காரர்கள் ஏராளம். அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது வேறு ஒரு வரி: கலைஞர்களை ஏழு பிரிவாகப் பிரித்து, வாரத்தில் நாளுக்கு ஒரு பிரிவு என்று வைத்திருந்தார்களாம். அதுவும் டியூட்டி ரோஸ்டர்தானே. தீபக் ராகம் பாடி விளக்கேற்றினார், மேக ராகம் பாடி மழை வரவைத்தார் என்று கதை கேட்டே வளர்ந்தவனுக்கு, தான்சேனுக்கும் முறை நாள் இருந்தது என்பதில் ஒரு தனி சந்தோஷம்.

அவர் அக்பரிடம் விரும்பித்தான் போனாரா? ரேவா ராஜா ராமசந்திரரிடம் இருந்தவரைக் கேட்டு அக்பர் ஆள் அனுப்பினார். 1562 வாக்கில். பாதுஷா கேட்டால் ராஜாவால் மறுக்க முடியுமா? ஒரு ராஜா இன்னொரு ராஜாவுக்கு வித்வானைக் கொடுத்தார். வித்வானை யாராவது கேட்டார்களா என்று எந்த வரியிலும் இல்லை.

அக்டோபர் 30

மின்வெட்டு. ஒன்றும் படிக்கவில்லை. தம்பூரா தந்தி ஒன்று அறுந்தது.

நவம்பர் 1

லக்ஷ்மி விலாஸ் அரண்மனைக்குக் கீழ்வீட்டுக் காகாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மராத்திக்காரர், எழுபதைத் தாண்டியவர். தர்பார் ஹாலில் நின்றால் கழுத்து தானாக மேலே போகிறது. பெல்ஜியம் கண்ணாடி ஜன்னல்கள், தரையில் வெனிஸ் மொசைக், பெண்கள் மறைந்து பார்க்க மேலே மாடங்கள். நான் பாடகர் உட்காரும் இடத்திலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மைக் இல்லாத காலம். இத்தனை பெரிய கூடத்தில் குரலைக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோக வேண்டும். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அன்றைக்குக் கேட்கிற மனசு இருக்கிறதோ இல்லையோ, தெரியாது.

"காகா, இங்கே பாட்டுக்காரர்களுக்குத் தனி டிப்பார்ட்மென்டே இருந்ததாமே?"

"கலாவந்த் காரகானா! சும்மாவா? லீவு வேணும்னா எழுதிக் கொடுக்கணும். வரலைன்னா சம்பளத்துல பிடிப்பாங்க. உங்க ஆபீஸ் மாதிரிதான், மகனே."

பரோடாவை ஆண்ட சயாஜிராவ் மகாராஜா எதையும் இலாகாவாக்கித்தான் பார்ப்பார். பாடகர், சாரங்கிக்காரர், நாட்டியக்காரர் என்று எல்லோரையும் கலாவந்த் காரகானாவின் கீழ் கொண்டுவந்து, மராத்தியில் விதிகளே அச்சிட்டார்கள். பாட்டு எப்போது வரும் என்பதற்கு விதி போட முடியாது. ஆனால் மாதம் பிறந்தால் அரிசி வாங்க முடிந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இன்று எத்தனை சாரங்கிக்காரர்களுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது?

நவம்பர் 2

பாட்டு வகுப்பு. குருஜி புதுத் தந்தி போட்டுக் கொடுத்தார். பிறகு ஜவாரி, அதாவது தந்தியின் நாதத்தைத் திறக்கும் வேலை. தம்பூராக் குதிரையின் மேல், தந்திக்கு அடியில் ஒரு பருத்தி நூல். அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்துகிறார். ஒரு இடத்தில் தந்தி மொட்டையாக ஒலிக்கிறது. கொஞ்சம் தள்ளினால் கரகரக்கிறது. நடுவில் எங்கேயோ ஒரு புள்ளியில் திடீரென்று திறந்துகொண்டு, மீட்டாத சுரமெல்லாம் உள்ளேயிருந்து கேட்கிறது. "இங்கேதான். தொடாதே" என்றார். நான் தொட்டேன். திட்டினார்.

அப்புறம் தர்பாரியின் காந்தார சுரம். அதை நேராகப் பிடிக்கக் கூடாது, மத்யமத்தை ஒட்டியிருந்து மெதுவாக அசைந்து அசைந்து இறங்க வேண்டும். அவசரப்பட்டால் ராகமே அடாணா என்ற இன்னொரு ராகத்தின் பக்கம் சாய்ந்துவிடும். அரசவைக்கென்றே தான்சேன் அமைத்த ராகம் என்பது பரம்பரைப் பேச்சு. இருக்கலாம். நிதானமாக வருகிறவர் யாரென்று சபை எழுந்து பார்க்கட்டும் என்கிற மாதிரிதான் இருக்கிறது அதன் நடை.

நவம்பர் 3

சூர்சாகர் ஏரி எதிரில் இசைக் கல்லூரி. 1886-ல் மௌலா பக்ஷ் தொடங்கிய பாட்டுப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. மைசூர் அரண்மனையில் இருந்தபோது கர்நாடக இசையும் கற்றவர் அவர். இங்கே சுரங்களை எழுத்தில் குறிக்கும் சுரலிபி எழுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். மற்ற உஸ்தாத்களுக்கு இது வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும். பந்திஷ், அதாவது ராகத்தில் கட்டிய பாட்டு, வீட்டுச் சொத்து. மகனுக்கும் மருமகனுக்கும்தான் கொடுப்பார்கள். அதைக் கரும்பலகையில் எழுதினால்? 1916-ல் இசை அறிஞர் பாத்கண்டே முன்னின்று நடத்திய முதல் அகில இந்திய சங்கீத மாநாடும் இதே பரோடாவில், அரண்மனை ஆதரவில்தான். ராஜா இல்லாமலும் சங்கீதம் பிழைக்க வழி தேடிய வேலைக்கு ராஜாவே செலவு செய்திருக்கிறார்.

கல்லூரியின் நாட்டியப் பிரிவில் தஞ்சோர்கர் என்ற பெயர் காதில் விழும். 1880-ல் தஞ்சாவூர் லக்ஷ்மிபாய் சயாஜிராவுக்கு மணமாகி வந்தபோது சீதனத்தோடு பரதநாட்டியத்தின் முன்வடிவான சதிர் ஆடும் கலைஞர்களும் நட்டுவனார்களும் வந்தார்கள். பாத்திரம் பண்டத்தோடு மனிதர்களும் வந்த பட்டியல் அது. அந்த மரபில் வந்த குபேர்நாத் தஞ்சோர்கர் பின்னர் இங்கேயே ஆசிரியராக இருந்தார்.

நவம்பர் 5

ஃபையாஸ் கான் இறந்த நாள், 1950. ஆக்ரா கரானா என்ற பாட்டுப் பரம்பரையைச் சேர்ந்த பாடகர். மைசூர் மகாராஜா 'ஆஃப்தாப்-எ-மௌசிகி' (இசைச் சூரியன்) என்று பட்டம் கொடுத்தார், ஆனால் வேலை பரோடாவில். அப்துல் கரீம் கான் விட்டுப் போன அரண்மனையில் இவர் கடைசிவரை இருந்தார். இருந்துகொண்டே கல்கத்தா, லக்னோ என்று மாநாடுகளில் பாடினார், ரேடியோவில் பாடினார், இசைத்தட்டுப் பதிவு செய்தார். கட்டிப்போடப்பட்ட பாடகர் என்று இவரை நினைக்க முடியவில்லை.

சாயங்காலம் அவருடைய பழைய தட்டு ஒன்றைக் கேட்டோம், நட் பிஹாக் ராகம். பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். நோம், தோம் என்ற அசைகளால் ராகத்தை விரிக்கும் ஆலாபில் தொடங்கி விஸ்தாரமாகப் பாடுகிறவர், அந்த மூன்று நிமிடத்துக்குள் கூடம் முழுக்க நிறைகிற குரலை அடைக்கிறார். கரீம் கான் தட்டில் குரல் நூல் மாதிரி இழையும். இவருடையது அதிகாரமாக வந்து எதிரில் உட்காரும். எனக்கு யாரைப் பிடிக்கும் என்று காகா கேட்டார். கரீம் கான் என்றேன். முகம் சுளித்தார்.

1949 மே மாதம் பரோடா சமஸ்தானம் பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. ஃபையாஸ் கான் அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். 2002 கலவரத்தில் அவர் சமாதியையும் சேதப்படுத்தினார்கள். காகா இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தவில்லை, மாடி வீடு வரை கேட்கும்படி சொன்னார்.

"ராஜா போனதும் பாட்டுக்காரங்க எங்க போனாங்க காகா?"

"ரேடியோவுக்கு. அங்கேயும் கிரேடு, அங்கேயும் கான்ட்ராக்ட் பேப்பர். ராஜா பேர்தான் மாறிச்சு."

நாளைக்கு மாதக் கணக்கு முடிக்க வேண்டும். காகா தன் பங்குக்கு ஃபையாஸ் கானின் ஜெய்ஜெய்வந்தித் தட்டோடு வருகிறாராம், என்னைக் கட்சி மாற்ற.