ஜிக்மாஸ்டர் 500: எதை மாற்றினேன், எதை விட்டுவைத்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூண்டில் நரம்பைச் சுருட்டும் பழைய மீன்பிடி ரீல் ஒன்றைப் பிரித்துச் சரிசெய்தேன். அது இப்போது நன்றாக ஓடுகிறது, கடலுக்கும் போய் வந்தாயிற்று. ஆனால் பழைய ரீலில் கை வைக்கிற பலர் செய்வதுபோல டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பைப் பிடிக்கும் பிரேக்கை, 30 பவுண்டு வரை ஏற்றவில்லை. பாதி வழியில் நிறுத்திவிட்டேன், வேண்டுமென்றேதான். ஏன் அங்கே நிறுத்தினேன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

ரீல், பென் கம்பெனியின் ஜிக்மாஸ்டர் 500. ஓட்டோ ஹென்ஸே என்கிற ஜெர்மானியர் 1932-ல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய கம்பெனி அது. நான் இருக்கும் எடிசன் பக்கமிருந்து ஃபிலடெல்ஃபியா அப்படியொன்றும் தூரமில்லை. அதனாலோ என்னவோ, நியூ ஜெர்ஸியில் எந்தக் கராஜ் சேலுக்குப் போனாலும் துருப்பிடித்த ரம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பென் ரீல் கிடக்கும். இதை 20 டாலருக்கு வாங்கினேன். கைப்பிடி அரைச் சுற்றுக்கு மேல் நகரவில்லை. பேரம் பேச அது போதுமாக இருந்தது.

இந்த வகை ரீலைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் கடைகளில் விற்கிற ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) அப்படியே நிற்கும், கம்பி வளையம்தான் சுற்றி வந்து நரம்பைச் சுருட்டும். இதில் ஸ்பூலே சுழலும். லீவரைத் தள்ளினால் ஸ்பூல் கியரிலிருந்து விடுபட்டுத் தன்போக்கில் ஓடும். வீசும்போது கட்டைவிரலை அதன்மேல் லேசாக வைத்து வேகத்தை அடக்க வேண்டும். விட்டுவிட்டால் நரம்பு சிக்கி, அன்றைய காலைப் பொழுது அதைப் பிரிப்பதிலேயே போய்விடும். இருபக்கத் தட்டுகளும் பேக்கலைட் என்கிற கருப்பான கெட்டிப் பிளாஸ்டிக். வளையங்களும் நடுவில் தாங்கும் தூண்களும் ஸ்பூலும் குரோம் பூசிய பித்தளை.

ஜிக்மாஸ்டரின் நல்ல குணம், பிரிப்பது சுலபம். ஒரு சிறு திருகைத் தளர்த்தி, லீவரை நகர்த்தி, வலப்பக்கத் தட்டைத் திருப்பினால் அது அப்படியே கழன்று ஸ்பூல் வெளியே வந்துவிட வேண்டும். ‘வேண்டும்’ என்பதைக் கவனியுங்கள். உப்பு ஏறி இறுகியிருந்த திருகு அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு அப்படியே வைத்தேன். காலையில், காடிக்குச் சரியாகப் பொருந்தும் அகலமான ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்பியதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம், விட்டுக்கொடுத்தது. இந்த ரீல்களில் எல்லாம் ஒற்றைக் காடித் திருகுதான். பொருந்தாத ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் தலை சிதைந்துவிடும். அப்புறம் டிரில்தான் கதி.

உள்ளே பச்சைக் களிம்பு. கிரீஸ் என்று ஒன்று இருந்த இடத்தில் மெழுகு மாதிரி ஒரு பழுப்புக் கட்டி. அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். பேக்கலைட் தட்டுகளுக்கு மண்ணெண்ணெய் கூடக் காட்டவில்லை, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் மட்டும். கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும் பொருள் அது, எனவே வேலையெல்லாம் ஒரு துண்டு விரித்து அதன் மேல்தான்.

களிம்பு எடுக்க இங்கே எல்லோரும் வினிகரில் போடுவார்கள். பத்து நிமிடம் என்றால் சரி. இரவெல்லாம் ஊறவிட்டால் குரோம் பூச்சு தூக்கிக்கொண்டு வரும், பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து மேல்பகுதி செம்பு நிறமாகிவிடும். நான் புளியை எடுத்தேன். ஊறிய புளியை விரலால் தூண்களில் தேய்த்து ஒரு நிமிடத்தில் கழுவினால் களிம்பு போய்விடுகிறது, குரோமுக்கு ஒன்றும் ஆவதில்லை. “சாம்பாருக்கு வெச்ச புளி எங்கே?” என்று வீட்டில் கேட்டபோது பதில் சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

அடுத்தது டிராக். ரீலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துபோகாமல், அளவான இறுக்கத்தோடு வழுக்கிப் போகவிடும் பிரேக் அது. பெரிய கியரின் குழிக்குள் வாஷர்களை அடுக்கி வைத்திருப்பார்கள். உராயும் வாஷர் ஒன்று, உலோக வாஷர் ஒன்று என்று மாறி மாறி வரும். உலோக வாஷரிலும் இரண்டு ரகம். ஒன்றின் நடுத்துளை கைப்பிடித் தண்டின் குழலில் பூட்டிக்கொள்ளும், இன்னொன்றின் காதுகள் கியரின் வெட்டுகளில் உட்காரும். மேலேயுள்ள நட்சத்திரச் சக்கரத்தைத் திருகினால் அடுக்கு முழுதும் அழுந்தி, கியரும் குழலும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும்.

பிரிப்பதற்கு முன்பே, அசையும் அளவுக்கு எண்ணெய் விட்டு, ரீலைப் பலகையில் பொருத்தி, நரம்பின் நுனியில் பெட்டி எடை பார்க்கும் தராசை மாட்டி இழுத்துப் பார்த்திருந்தேன். 11 பவுண்டு வரை ஏறும், சட்டென்று விட்டு 6-க்கு இறங்கும், மறுபடி பிடிக்கும். மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் இந்தத் தொடக்கத் திமிறலில்தான். அதிகபட்ச எடை எவ்வளவு என்பதைவிட, தொடங்கும்போதைய இறுக்கத்துக்கும் ஓடும்போதைய இறுக்கத்துக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம் என்பது என் கட்சி.

பழைய வாஷர்கள் காய்ந்து, ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தன. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு பென்னின் ஹெச்டி-100 (HT-100) கார்பன் ஃபைபர் வாஷர்களைப் போட்டேன். பென் உதிரிபாகம் தேடுவது எனக்குப் பிடித்த வேலை. எண்ணின் முன்பாதி பாகத்தைச் சொல்லும், பின்பாதி ரீலைச் சொல்லும். 5 என்றால் பெரிய கியர், 6 டிராக் வாஷர், 13 பினியன் (பெரிய கியரோடு சேரும் சின்னக் கியர்), 29 ஸ்பூல். 6-113 என்றால் பென்னின் இன்னொரு ரீலான செனட்டர் 113-இன் வாஷர். இந்த முறை தெரிந்துவிட்டால் கடைக்காரரே தேவையில்லை. பல ரீல்களுக்கு ஒரே பாகம் என்பதால் பழைய ரீலுக்கும் இன்றுவரை சாமான் கிடைக்கிறது.

கார்பன் வாஷரை உலர்வாகப் போடுவதா, கிரீஸ் தடவுவதா என்று ஒரு பழைய சண்டை உண்டு. நான் தடவுகிற கட்சி. கால்ஸ் என்கிற டிராக் கிரீஸை இருபக்கமும் தேய்த்து, அப்புறம் துணியால் துடைத்தெடுத்தேன். நெசவின் இடுக்குகளில் மட்டும் தங்கினால் போதும். உப்புத் தண்ணீர் உள்ளே போனாலும் உலோக வாஷர் துருப்பிடிக்காது, தொடக்கத் திமிறலும் அடங்கும். மறுபடி தராசு மாட்டினேன். 8 பவுண்டுக்கு வைத்தால் 8-இலேயே தொடங்கி 8-இலேயே ஓடியது. முள் லேசாக நடுங்கியது, அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு நல்ல வாஷர் போட்டாயிற்றே, இன்னும் இறுக்கினால் என்ன? இங்கேதான் கணக்குப் போட வேண்டும். ஜிக்மாஸ்டரின் கியர் விகிதம் 4:1. கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூல் நான்கு சுற்று. வேகம் நான்கு மடங்கு கிடைக்கிறது என்று மகிழலாம், ஆனால் ஸ்பூலில் வரும் முறுக்குவிசை பெரிய கியருக்கு வரும்போது அதுவும் நான்கு மடங்காகிறது. ஸ்பூலின் மையத்திலிருந்து ஓர் அங்குலத் தொலைவில் 15 பவுண்டு இழுத்தால், வாஷர் அடுக்கு தாங்க வேண்டியது 60 அங்குல-பவுண்டு. அந்தச் சுமை முழுதும் குழல் வழியாக அதற்கடியில் இருக்கும், ஒரு பக்கமாக மட்டும் சுழலவிடும் ராட்செட் பல்லுக்கும், அதைத் தடுத்துப் பிடிக்கும் நாய் என்கிற சின்னஞ்சிறு துண்டுக்கும் போகிறது. நாய் வழுக்கினால் கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று விரல் முட்டியைப் பெயர்த்துவிடும்.

ஆக, வாஷரைப் பலப்படுத்தினால் பலவீனம் குழலுக்கு நகர்கிறது. குழலை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போட்டால் பித்தளைக் கியரின் பல்லுக்கு நகர்கிறது. கியரையும் பினியனையும் ஸ்டீலாக்கினால் தட்டு வளைகிறது. தட்டு வளைந்தால் கியரும் பினியனும் விலகிப் பல் மேல் பல் ஏறும். அதற்கு அலுமினியச் சட்டம், அலுமினியத் தட்டு. கலிஃபோர்னியாவின் கிளெண்டேலில் கார்ல் நியூவெல் தொழில் தொடங்கியதே பென் ரீல்களுக்கு இப்படி லேசான ஸ்பூலும் உறுதியான தூண்களும் செய்துகொடுத்துத்தான். அப்புறம் சொந்தமாக ரீலே செய்யத் தொடங்கினார். அந்த ஊரில் சூரை மீனுக்காக நாள்கணக்கில் கடலில் கிடப்பவர்களுக்கு அது தேவைதான். எல்லாவற்றையும் மாற்றி முடித்தால் என் ரீலில் பழையதாக மிஞ்சுவது கைப்பிடியும் பெயரும்தான். அந்தச் செலவுக்கு நல்ல புது ரீலே வந்துவிடும்.

என் வேலைக்கு எவ்வளவு வேண்டும்? 30 பவுண்டு மோனோ (ஒற்றை இழை) நரம்பு. டிராக்கை நரம்பின் பலத்தில் கால் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது வழக்கம். ஆக 8 முதல் 10 பவுண்டு. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓட ஓட ஸ்பூலில் சுற்றின் விட்டம் குறையும், டிராக் தானாகவே ஏறும். விட்டம் பாதியானால் 8 பவுண்டு 16 ஆகிவிடும். இதற்கு மேல் இறுக்க எனக்குத் தேவையே இல்லை.

அதனால் மாற்றியது இவ்வளவுதான்: வாஷர்கள், ஸ்டெயின்லெஸ் குழல், புது நாய், அதன் ஸ்பிரிங். பழைய குழலின் ராட்செட் பற்களின் முனை மழுங்கியிருந்தது, எனவே அதில் யோசிக்கவே இல்லை. கியர்கள் பழையவையே. பல்லில் தேய்மானம் ஒரே சீராக இருந்ததால் ஜோடியைப் பிரிக்க மனமில்லை, கெட்டியாகக் கடல் கிரீஸ் பூசி வைத்துவிட்டேன்.

ஸ்பூல் விஷயத்தில் மட்டும் ஆசைக்கு இடம் கொடுத்தேன். பித்தளை ஸ்பூல் கனம். வீசும்போது கிளம்பவே சோம்பும், கிளம்பிவிட்டால் நிற்காது, கட்டைவிரல் சூடேறும். அலுமினிய ஸ்பூல் அப்படியில்லை, அதையே போட்டுவிட்டேன். பேரிங்குகளைக் கழுவி, கிரீஸ் வைக்காமல் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டேன். கோத்து, விரலால் சுண்டிவிட்டால் சத்தமே இல்லாமல் நெடுநேரம் சுற்றுகிறது. அலுமினியத்தைக் கடல்நீர் சீக்கிரம் தின்னும் என்பதால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி வைக்க வேண்டியிருக்கிறது, அந்த ஒரு வேலை கூடுதல்.

கோக்கும்போது பொறுமை வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. பினியனை நகர்த்தும் நுகத்துக்கடியில் இரண்டு குட்டி ஸ்பிரிங்குகள் உண்டு. தட்டை மூடும் நேரம் பார்த்து எகிறி ஓடப் பார்க்கும். ஸ்பிரிங்கின் அடியில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்து ஒட்டிவிட்டால் அசையாது. திருகுகளுக்கும் கிரீஸ் தடவியே போட்டேன். அடுத்து பிரிப்பவர் யாராக இருந்தாலும் என்னை வாழ்த்துவார்.

நியூ ஜெர்ஸிக் கடற்கரை ஊரான பெல்மாரிலிருந்து நண்பரின் படகில் ஸ்ட்ரைப்ட் பாஸ் என்கிற மீனுக்குப் போனோம். இரை, பங்கர் என்று இங்கே சொல்லும், நம் மத்தியின் சொந்தக்கார மீன், உயிரோடு. இரை போட்டு இந்த மீனைப் பிடிப்பதென்றால் வட்டமாக உள்வளைந்த சர்க்கிள் தூண்டில்முள்தான் போட வேண்டும் என்பது சட்டம். லீவரைத் தள்ளி ஸ்பூலை விடுவித்து, நரம்பு போனால் சத்தமெழுப்பும் கிளிக்கரைப் போட்டு வைத்திருந்தேன். பங்கர் பதறுகிறபோது கிளிக்கர் டக் டக் என்று விட்டுவிட்டுத் தட்டும், பாஸ் எடுத்துக்கொண்டால் ஒரே கிறீச்சிடல். கிறீச்சிட்டது. லீவரைப் போட்டதும் கழி வளைந்து நரம்பு போனது. போன விதத்தைத்தான் சொல்ல வேண்டும். திமிறலே இல்லை, தராசில் பார்த்த அதே சீரான இழுவை, மீன் தலையை உதறியபோதுகூட. அளந்தால் 34 அங்குலம். 28-க்கும் 31-க்கும் இடையில் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம் என்பதால் படம் கூட எடுக்காமல் திருப்பி விட்டோம்.

ஒரே குறை கிளிக்கர்தான். நாக்கு தேய்ந்திருக்கிறது, சத்தம் சில சமயம் அமுங்குகிறது. பாகம் தபாலில் வர வேண்டும். அதற்குள் மேசைக்கு பென்னின் இன்னொரு ரீல், ஒரு ஸ்க்விடர் 140, வந்துவிட்டது, பிளாஸ்டிக் ஸ்பூலோடு. இறுக்கிச் சுற்றிய மோனோ நரம்பு நாளடைவில் சுருங்கி அந்த ஸ்பூலின் விளிம்பைப் பிளந்துவிடும், இதிலும் ஒரு கீறல் ஓடத் தொடங்கிவிட்டது. முதல் வேலையாக நரம்பை முழுக்கக் கழற்றி எடுத்துவிட்டேன், உலோக ஸ்பூல் தேடிக்கொண்டிருக்கிறேன்.